எல்லாத் துறையிலும் நிலைத்தன்மைப் பாடம்: பாலக்காட்டுக் கணவாய்க் கல்லூரிகளுக்கு ஒரு கேள்வி–பதில்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு வட்டாரக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களுக்காக எழுதியது. கிழக்கே பாரதியார் பல்கலைக்கழகம், மேற்கே கோழிக்கோடு பல்கலைக்கழகம் என்று பாடத்திட்டம் இரண்டாக இருக்கலாம். தென்னந்தோப்பும் போர்வெல்லும் கணவாய்க் காற்றும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்த ஊர்களிலிருந்தே.

சுற்றுச்சூழல் பாடம்தான் எல்லாருக்கும் கட்டாயமாக இருக்கிறதே, அது போதாதா?

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் அந்தப் பாடத்துக்கு வேர். உத்தரவு பல ஆண்டு கிடப்பில் கிடந்தது. 2003இல் நீதிமன்றம் மறுபடி இறுக்கிய பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர் எல்லாருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. நல்ல நோக்கம். நடைமுறையில் அது யாருடைய பாடமும் இல்லாமல் போனது. எந்த ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் மணிக்கணக்கு குறைகிறதோ, அவர் தலையில் விழும். மாணவர்கள் ஓசோன் படலத்துக்கு நோட்ஸ் வாங்கி, எழுதி, மறந்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று. காலை இந்தச் சுற்றுச்சூழல் (இ.வி.எஸ்.) வகுப்பில் தண்ணீர் விலைமதிப்பற்றது என்று கேட்ட பி.காம். மாணவர், மதியம் அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் தென்னைநார்த் தொழிற்சாலையின் செலவுத் தாளைப் போடுகிறார். அதில் கூலி, மின்சாரம், லாரி வாடகை எல்லாம் இருக்கும். தண்ணீர் என்ற வரியே இருக்காது. எந்த வகுப்புக்கு மார்க் அதிகமோ அதைத்தான் மாணவர் நம்புவார். அந்த மதிய வகுப்பை மாற்றுவதுதான் இங்கே வேலை.

‘நிலைத்தன்மை’, ‘வளங்குன்றா வளர்ச்சி’, ‘பேண்தகு வளர்ச்சி’... எதைச் சொல்வது?

ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள். மலையாள வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ‘சுஸ்திரத’ பழகிய சொல். இலக்கணத்துக்கு 1987இன் பிரண்ட்லாண்ட் அறிக்கை சொல்வது போதும்: வருங்காலத் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வழியை அடைக்காமல் இன்றைய தேவையைத் தீர்ப்பது. ஐ.நா. 2015இல் வகுத்த 17 இலக்குகளின் வண்ணக் கட்டங்களை முதல் வகுப்பிலேயே திரையில் காட்ட வேண்டாம். வகுப்பு பொது அறிவு வினாடி-வினாவாகிவிடும்.

பாடத்திட்டத்தைத் தொடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. பிறகு எங்கே நுழைப்பது?

நான்கு வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

முதலாவது, கணக்குகளும் எடுத்துக்காட்டுகளும். பாடத்திட்டம் தலைப்பைச் சொல்லும். எந்த எண்ணைப் போட்டுக் கணக்குக் கொடுப்பது என்பது ஆசிரியர் கையில். இரண்டாவது, அக மதிப்பீட்டு ஒப்படைப்பு. மூன்றாவது, இறுதியாண்டு புராஜெக்ட். நான்காவது, கேரளப் பக்கம் 2024இல் தொடங்கிய நான்காண்டு இளங்கலைத் திட்டம். அதில் பிற துறை மாணவர்களுக்கான பல்துறைப் பாடங்களும் மதிப்புக்கூட்டுப் பாடங்களும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடக்குழுவில் வைத்துப் பாடத்தின் குறிக்கோளிலேயே எழுதிவிடலாம்.

ஆரம்பிக்கும்போது ஒரு பாடத்துக்கு இரண்டு இடம் போதும். தாளில் ஏற்கெனவே இருக்கும் தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள். எந்தத் தலைப்பில் தண்ணீர், மின்சாரம், மண், கழிவு, கூலி இவற்றில் ஒன்று இயல்பாக வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அந்தத் தலைப்பின் பழைய கணக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வையுங்கள். பழையதை விட்டுவைத்துப் புதியதைக் கூடுதலாகச் சேர்த்தால் போர்ஷன் முடியாது. மார்ச் மாதம் முதலில் வெட்டுப்படுவது நீங்கள் சேர்த்ததாகத்தான் இருக்கும்.

துறைக்குத் துறை வேறு வேறு பொருள் எடுப்பதா, எல்லாரும் ஒன்றையே எடுப்பதா?

ஒரே பொருள்தான் எங்கள் பரிந்துரை. இந்த வட்டாரத்துக்குத் தேங்காயைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு தோப்பு, அதன் கிணறு, காய், மட்டை, நார், நார்த்தூள் என்று சங்கிலி கண்முன்னே கிடக்கிறது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தோப்பு இருக்கும். மீதிப் பேரின் வீட்டில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அந்த வேறுபாட்டையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

*இயற்பியல்.* 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம். சொட்டுநீரில் கோடைக்கு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தால் 4,550 லிட்டர். 200 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டுமானால், நிறை × 9.81 × உயரம் என்று போட்டு 36 லட்சத்தால் வகுத்தால் 2.48 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம் என்றால் 6.2 யூனிட். இந்திய மின்கட்டத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு நாளுக்கு 4 கிலோவுக்கு மேல். இதே கணக்கை 20 மீட்டர் ஆழக் கிணற்றுக்குப் போடச் சொல்லுங்கள். எல்லாம் பத்தில் ஒன்றாகும். நீர்மட்டம் இறங்குவது மின்சாரக் கணக்கும்தான் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, போர்வெல்லின் மொத்த ஆழத்தை உயரமாக எடுப்பது. எடுக்க வேண்டியது மோட்டார் ஓடும்போது நீர் நிற்கும் மட்டம். குழாய் உராய்வும் சொட்டுநீருக்கு வேண்டிய அழுத்தமும் தனி.

காற்றாலையும் இயற்பியலுக்கே. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலை விட்டுக்கொடுத்த இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து உடுமலை, பல்லடம் வரை அடிக்கிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. சராசரி வேகத்தை மும்மடிப் பெருக்கினால் விடை தவறும். மும்மடிப் பெருக்கிய பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். ஆனி, ஆடியின் காற்றையும் மாசியின் அமைதியையும் வைத்து இதைக் காட்டினால் புள்ளியியல் துறைக்காரருக்கும் பாடம் கிடைக்கும்.

*வேதியியல், தாவரவியல்.* நார் பிரித்த பின் மிஞ்சும் நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மண்ணில்லாப் பயிர் வளர்ப்புக்காக அது கட்டிகளாக வெளிநாடு போகிறது. போவதற்கு முன் உப்பு வெளியேறும்வரை கழுவுகிறார்கள். அந்தக் கழுவுநீர் தேயிலைச் சாயத்தில் ஓடும். பொட்டாசியம், குளோரைடு, டானின் எல்லாம் அதில் இருக்கும். ஒரு கிலோ தூளை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து வடித்து, மின்கடத்துதிறனை அளந்து, மறுபடி கழுவி அளந்து, எத்தனையாவது கழுவலில் சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே வருகிறது என்று வரைபடம் போடலாம். இரண்டு மணி நேர ஆய்வக வேலை. கழுவிய மொத்த நீரையும் ஒரே வாளியில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். ஏற்றுமதியாகும் கட்டிக்குப் பின்னால் ஊரில் தங்குவது எது என்று அந்த வாளி காட்டும்.

தூளை மட்கவைப்பது தாவரவியலுக்கு. வேளாண் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் சொல்லும் முறையில் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்து. 100 கிலோ தூள் பரப்பி வித்து தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில் ஈரம் காத்தால் ஒரு மாதத்தில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 அளவுக்கு இறங்கும். வெயிலில் குவித்தால் வித்து செத்துவிடும். சிறிய அளவில் 10 கிலோவுக்கு 50 கிராம் யூரியா, 15 கிராம் வித்து என்று சாக்கில் செய்து பார்க்கலாம். அவ்வளவு சிறிய குவியலில் ஈரம் சீக்கிரம் வற்றும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும்.

*விலங்கியல்.* தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பதிவானதே பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஓலையில் படியும் கரும்பூசணத்தைப் பார்த்துப் பதறி மருந்தடித்தால், அந்த ஈயைத் தின்று வாழும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகிறது. ஒட்டுண்ணி முட்டையிட்ட கூட்டுப்புழு கறுத்திருக்கும். பத்து ஓலைச் சிற்றிலையில் கறுத்தவை எத்தனை, வெளுத்தவை எத்தனை என்று எண்ணுவதே செய்முறை.

*வணிகவியல்.* மேலே சொன்ன செலவுத் தாளில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எடுத்த நீர், வெளியேற்றிய நீர், அதைச் சுத்திகரிக்க ஆகும் செலவு. லாபம் எவ்வளவு மாறுகிறது? அந்தச் செலவை இப்போது யார் கட்டுகிறார்கள்? முதுகலையில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தை எடுக்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். சில அறிக்கைகளில் ‘ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு இவ்வளவு நீர்’ என்று விகிதம் இறங்கிக்கொண்டே வரும். மொத்த நீர் ஏறியிருக்கும். இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்தால் போதும்.

*பொருளியல்.* தமிழகப் பக்கம் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ஒரு லிட்டர் கூடுதலாக இறைக்க ஆகும் செலவு பூஜ்யம் என்றால் தேவைக்கோடு எங்கே போய் வெட்டும்? பொதுவளம் அழிவதற்குப் பாடப்புத்தகம் காட்டும் மேய்ச்சல் நிலத்துக்குப் பதில் பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லை வையுங்கள். இலவசத்தை எடுத்தால் சிறு விவசாயிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியையும் அதே தாளில் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் அது பிரசாரம்.

கணிதம், கணினி, தமிழ்: இந்தத் துறைகளில்தான் ‘எங்களுக்குச் சம்பந்தம் இல்லை’ என்கிறார்கள். என்ன சொல்வது?

கணிதத்தில் லாஜிஸ்டிக் வளர்ச்சிச் சமன்பாடு (ஒரு எல்லைவரை வளர்ந்து நின்றுவிடும் வளர்ச்சி) ஏற்கெனவே இருக்கிறது. அதில் அறுவடையைக் கழித்துப் பாருங்கள். அணையில் மீன் பிடிப்பதாக வைத்து, வளர்ச்சி வீதம் 0.4, கொள்ளளவு 50 டன் என்று கற்பனை எண் கொடுத்தால் உச்ச நிலைத்த விளைவு, அதாவது மீன் குறைந்துபோகாமல் பிடிக்கக்கூடிய அதிகபட்சம், ஆண்டுக்கு 5 டன். அதோடு நிறுத்தாதீர்கள். சரியாக 5 டன் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வறட்சி வந்து மீன் அளவு பாதிக்குக் கீழே இறங்கினால், அதே 5 டன்னைத் தொடர்ந்தால் என்ன ஆகும்? எண்முறையில் போட்டால் கோடு பூஜ்யத்துக்கு விழுவது தெரியும். உச்சத்தில் நிற்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

கணினித் துறைக்கு வாளையாறு–போத்தனூர் ரயில் பாதை. மதுக்கரைக் காட்டுப் பகுதியில் யானை தண்டவாளத்தை நெருங்குவதை முன்கூட்டியே சொல்ல 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைக்கப்பட்டன. இதுபோன்ற ஏற்பாட்டில் பொய் எச்சரிக்கைக்கு என்ன விலை, தவறவிட்ட எச்சரிக்கைக்கு என்ன விலை? 99 சதவீதத் துல்லியம் என்ற எண் இங்கே ஏன் ஏமாற்றும்? ஆயிரம் படத்தில் பத்தில்தான் யானை இருக்கிறது என்றால், ‘யானை இல்லை’ என்று கண்ணை மூடிச் சொல்லும் நிரலுக்கும் 99 சதவீதம் கிடைக்கும்.

தமிழ்த் துறையில் ஐந்திணையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அழகுதான், ஆனால் மாணவர் புதிதாக எதையும் செய்வதில்லை. சொல் திரட்டச் சொல்லுங்கள். மடை, மதகு, கலிங்கு, வாய்க்கால், கவலை (மாடு கட்டி நீர் இறைப்பது), சால், வடம் என்று நீர் சார்ந்த சொற்களை அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ‘கடைசியாக எப்போது இதை வேலையில் சொன்னீர்கள்?’ என்று பதிய வேண்டும். கவலை இறைப்பு சார்ந்த சொற்கள் எந்த ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாக விழுகின்றனவோ, அந்த ஊருக்கு மின்மோட்டார் வந்த காலம் அதுவாக இருக்கும். ‘முதல் போர்வெல் எப்போது, எத்தனை அடி?’ என்பதையும் சேர்த்துக் கேட்டால் அது நிலத்தடி நீர் வரலாறே. எல்லை தாண்டியும் கேளுங்கள்: சித்தூர் கிழக்கில் கம்பாலத்தறை, வெங்கலக்கயம் நீர்நிலைகளை மலையாளத்திலும் ‘ஏரி’ என்றே சொல்கிறார்கள்.

ஆங்கிலத் துறையும் இதழியலும் எண்ணெய் பாட்டில், சோப்பு உறைகளில் உள்ள ‘இயற்கை’, ‘கெமிக்கல் இல்லாதது’ போன்ற சொற்களைச் சோதிக்கலாம். சொன்னதை மெய்ப்பிக்க உறையில் என்ன சான்று இருக்கிறது என்பதே கேள்வி.

கட்டடப் பொறியியலுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஒரு டன் சுண்ணாம்புக்கு 785 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 56-க்கு 44 என்ற மூலக்கூறு எடை விகிதம்தான். கிளிங்கரில் (சிமென்டாக அரைக்குமுன் சூளையில் கிடைக்கும் கட்டி) சுண்ணாம்பு 65 சதவீதம் என்றால் டன்னுக்கு 510 கிலோ. சூளைக்கு எரிக்கும் எரிபொருள் இதில் சேரவில்லை. எரிபொருளை மாற்றினாலும் இந்த 510 போகாது. சாம்பல் கலந்த சிமென்ட் ஏன் என்பதற்கான காரணம் இங்கே வருகிறது. வாளையாற்றில் சிமென்ட் ஆலை இருப்பதால் பிள்ளைகளுக்குப் பொருள் அந்நியமில்லை.

கிணறுகளை அளக்கப் பிள்ளைகளை அனுப்பலாமா? எப்படி அளப்பது?

தாராளமாக. டேப்பின் நுனியில் கனமான போல்ட் கட்டி, நீரில் படும் சத்தம் கேட்கும்வரை விட வேண்டும். அளவு கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து எடுத்து, சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். ஒரு குழு கழித்து, இன்னொரு குழு கழிக்காமல் எழுதினால் மொத்தத் தரவும் பாழ். முதல் ஆண்டு பெரும்பாலும் இதுதான் நடக்கும். மோட்டார் நின்று ஆறேழு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால் விடியற்காலையே சரி. பருவமழைக்கு முன் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை, அதே கிணறு, அதே இடம். இந்த ஆண்டு 10 கிணறு எடுத்தால் அடுத்த ஆண்டு மாணவருக்கும் அதே 10. ஒரு வருடத் தரவால் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் அது ஊருக்கே சொத்து. சுவரில்லாத திறந்த கிணறுகளைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

நீரின் தரத்துக்கு நூறு இருநூறு ரூபாய் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பு) மீட்டரை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அது உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. உள்ளே ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டு உப்பாகக் காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிறுவன வரம்பு. மீட்டர் 400 காட்டினால் நீர் நல்லது என்று பொருளில்லை: ஃபுளோரைடு (1 முதல் 1.5 மில்லிகிராம்), நைட்ரேட் (45 மில்லிகிராம்), கிருமி எதுவும் அதில் தனியாகத் தெரியாது. பாலக்காட்டின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஃபுளோரைடுச் சிக்கல் தெரிந்த விஷயம் என்பதால் மீட்டரை மட்டும் நம்பி ‘குடிக்கலாம்’ என்று மாணவர் யாரிடமும் சொல்லக்கூடாது.

இன்னொன்று: யார் கிணற்றில் அளந்தீர்களோ அவர் கையில் முடிவைக் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வர வேண்டும். தோட்டத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டு அப்புறம் எட்டிப் பார்க்காத கல்லூரிகளால், அடுத்து வருபவர்களுக்கு வாசலிலேயே ‘வேலையிருக்குங்க, அப்புறம் வாங்க’ என்ற பதில் கிடைக்கிறது.

கல்லூரி கேன்டீனை வைத்து என்ன செய்யலாம்?

தட்டில் மிஞ்சும் சோற்றை எடை போடுவது எந்தத் துறைக்கும் ஏற்ற முதல் வேலை. மூன்று வாளி: காய் நறுக்கிய கழிவு, பாத்திரத்தில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது. வெறும் வாளியின் எடையை முதலிலேயே அதன்மேல் பெயின்டில் எழுதிவிடுங்கள். வாழை இலையைத் தனியே போட வேண்டும்; சாம்பார், ரசம் வடிந்த நீரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். 300 தட்டுக்கு 24 கிலோ என்றால் தட்டுக்கு 80 கிராம்.

ஏழு வேலை நாள் எடுத்து முதல் இரண்டு நாளைத் தள்ளிவிடுங்கள். தராசைப் பார்த்ததும் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். புரட்டாசிச் சனி, கார்த்திகையில் மாலை போட்ட காலம், பிரியாணி நாள் இவற்றைக் குறிப்பில் எழுதாவிட்டால் பின்னால் எண்ணுக்கு விளக்கம் தேடித் தவிக்க வேண்டியிருக்கும். காரணம் தேடும்போது மாணவரைத் திட்டுவதில் தொடங்காதீர்கள். அளவுச் சாப்பாட்டில் கரண்டி பெரிதாக இருப்பதும், இரண்டாவது சோறு கேட்க வரிசையில் மறுபடி நிற்க வேண்டும் என்பதால் முதலிலேயே நிறைய வாங்குவதும்தான் பாதிக் காரணமாக இருக்கும்.

அந்தக் கழிவை உரமாக்கினோம். நாறிப்போய் முதல்வர் நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு?

காற்று போகவில்லை. சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஈரக் கழிவுடன் நார்த்தூளை மட்டும் கலந்திருப்பீர்கள். தூள் நீரை உறிஞ்சும் என்பது சரி, ஆனால் நனைந்ததும் அமுங்கி இறுகிவிடும். அதிலுள்ள கார்பனும் பெரும்பாலும் லிக்னின் என்ற கடினமான மரப்பொருள். நுண்ணுயிருக்குச் சட்டென்று கிடைக்காது. அதனால் ஆய்வகத்தில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் சரியாக இருந்தும் குவியல் நாறும். உலர்ந்த சருகு, நறுக்கிய ஓலைக்கீற்று, மரச்சுள்ளி இரண்டு பங்கு, சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்று கொள்ளளவில் போடுங்கள். தூள் மேலே ஒரு விரற்கடை மூடாக்காக மட்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. மூன்றடிக்குக் குறைந்த குவியல் சூடேறாது. எண்ணெயும் ஊறுகாயும் வேண்டாம்.

நாற்றம் பாடத்துக்கு நல்லதுதான். அழுகிய முட்டை வாசமா, அம்மோனியா வாசமா என்று கேளுங்கள். முதலாவது என்றால் காற்றுக் குறைவு, இரண்டாவது என்றால் நைட்ரஜன் மிகுதி. முதல்வரிடம் இதைச் சொல்லி இன்னொரு வாய்ப்பு வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

கல்லூரியின் கார்பன் கணக்கை மாணவர் போடலாமா?

போடலாம். கிலோ கார்பன் டை ஆக்சைடு கணக்கில் மின்சாரம் யூனிட்டுக்கு 0.7, ஜெனரேட்டர், பஸ் டீசல் லிட்டருக்கு 2.68, பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.3, 19 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்கு ஏறக்குறைய 57. 12 மாத பில் வேண்டும். ஒரு மாத பில்லை 12-ஆல் பெருக்கினால் ஏப்ரல் விடுமுறை கணக்கில் விழாது. மாணவர்களின் டூவீலர்களை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மரத்தைக் கழிக்காதீர்கள். ‘ஒரு மரம் ஆண்டுக்கு இத்தனை கிலோ உறிஞ்சும்’ என்ற ஏதோ ஓர் எண்ணை எடுத்து, போன மாதம் நட்ட கன்றுகளால் பெருக்கி, ‘எங்கள் வளாகம் கார்பன் சமநிலை’ என்று போர்டு வைப்பது பரவலாக நடக்கிறது. முழங்கால் உயரக் கன்று உறிஞ்சுவது சொற்பம், அதுவும் கோடையில் பிழைத்தால்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வருகிறது. இதெல்லாம் அதற்கு உதவுமா?

உதவும். பாடத்திட்ட அளவுகோலில் சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் எல்லாப் பாடத்திலும் ஊடாட வேண்டிய பொருளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஏழாவது அளவுகோலில் பசுமை வளாகம் வருகிறது. ஆனால் குழுவுக்காகத் தொடங்கினால் மரம் நடும் புகைப்படத்தில் முடியும். மாணவரின் அளவீட்டு நோட்டுகளைத் தேதியோடு அடுக்கிவைத்தாலே ஆவணம் ஆயிற்று.

வகுப்பில் இரண்டு மாநிலப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தண்ணீர்ப் பிரச்சினையை எடுத்தால் சண்டை வருமே?

எண்ணிலும் ஆவணத்திலும் தொடங்கினால் வராது. தமிழகமும் கேரளமும் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்ததாக வைக்கப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் தமிழகம் கேரளத்தின் சித்தூர்ப்புழைக்கு நீராண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கொடுக்க வேண்டும், நீராண்டு ஜூலையில் தொடங்கும். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். இதைப் பெருக்கிப் பார்த்தாலே மேடைப் பேச்சு கொஞ்சம் அடங்கும். பிறகு தமிழகப் பிள்ளைகள் மூலத்தறைக்குக் கீழே நெல் நடும் விவசாயியின் வாதத்தையும், பாலக்காட்டுப் பிள்ளைகள் ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டுக்காரரின் வாதத்தையும் எழுத வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு என்பதைவிட எந்த வாரம் எவ்வளவு என்பதே சண்டைக்குக் காரணம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அரசியல் அறிவியலுக்கும் சட்டத்துக்கும் பிளாச்சிமடை. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000இல் வந்த குளிர்பான ஆலை 2004 மார்ச்சில் நின்றது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் காப்பாளர் என்றார். 2005இல் இரு நீதிபதி அமர்வு நில உரிமையாளருக்கு நியாயமான அளவு எடுக்க உரிமை உண்டு என்று நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. இரண்டு தீர்ப்பையும் எதிரெதிரே வைத்து வாசிக்கவைப்பது ஒரு முழு வாரத்துக்கான வேலை. ‘நியாயமான அளவு’ என்பதை யார், எதை அளந்து தீர்மானிப்பது என்ற கேள்வியில் சட்ட மாணவருக்கு நிலவியல் மாணவரின் உதவி தேவைப்படும்.

கழிவும் எல்லை தாண்டுகிறது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாய உத்தரவின்பேரில் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டது. நர்சிங் மாணவர்கள் 2016 விதிகளின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு நிறத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். மஞ்சள் பை வார்டிலிருந்து கிளம்பிய பிறகு எந்த வண்டி, எந்தப் பதிவேடு, எந்த இடம் என்று பின்தொடரச் சொன்னால் நிறம் மட்டும் போதாது என்று தெரியும்.

தரவு எங்கே கிடைக்கும்?

கேரளப் பக்கம் பஞ்சாயத்து அலுவலகம். தமிழகப் பக்கம் வருவாய் கிராமம், பிர்கா, வட்டாரம் என்று பிரிந்து கிடக்கும். அலகு பொருந்தாது. கேரளத்தின் ஒரு பஞ்சாயத்து தமிழகத்தின் ஒரு ஊராட்சியைவிட மிகப் பெரியது. இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்வது மாணவர் செய்யும் பெரிய பிழை. மலையாள ஆவணத்தை வாசிக்க ஒரு மலையாளப் பிள்ளை, அடங்கலை (கிராமப் பயிர்ப் பதிவேடு) வாசிக்க ஒரு தமிழ்ப் பிள்ளை என்று இணை சேர்த்துவிடுங்கள். சென்ட், ஏக்கர், ஹெக்டேர் மாற்றத்தை அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஆர்வத்துக்கு மார்க் போடாதீர்கள். எல்லாரும் ‘பூமித் தாய்’ என்று எழுதிவிடுவார்கள். 20 மதிப்பெண் என்றால் அளந்த முறைக்கு 6, கணக்குக்கு 6, தன் அளவீட்டின் குறையைத் தானே சொன்னதற்கு 4, பரிந்துரைக்கு 4. பரிந்துரையில் யார் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும், எப்போதைக்குள் என்ற மூன்றும் இல்லையென்றால் அந்த 4-இல் பூஜ்யம். ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்ற வரிக்கும் பூஜ்யம்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் கணக்கு ஒன்று?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் மொட்டைமாடி, ஆண்டு மழை 700 மில்லிமீட்டர், வழிவது 0.8 என்றால் 2,80,000 லிட்டர். தொட்டி அளவை இதை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. ஒரே நாளில் பெய்யும் பெருமழைக்குக் குழாய் தாங்குமா என்பது தனிக் கணக்கு. முதல் மழையில் முதல் இரண்டு மில்லிமீட்டரை வெளியே விட வேண்டும்.

துறைத் தலைவர் ஒத்துழைக்கவில்லை. தனியாக ஒருவர் தொடங்க முடியுமா?

முடியும். அனுமதி தேவைப்படாததிலிருந்து தொடங்குங்கள்: உங்கள் பாடத்தில் ஒரு கணக்கு, ஒரு ஒப்படைப்பு. அடுத்த பருவம் வேறு துறையில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேதியியல் பிள்ளைகள் அளந்த கழுவுநீர் எண்ணை வணிகவியல் பிள்ளைகள் செலவுத் தாளில் போட்டால் போதும். இரண்டு வகுப்பும் ஒரே அறையில் உட்கார வேண்டிய அவசியமில்லை. கால அட்டவணையை ஒத்துப்போகவைக்க முயன்றே பல கூட்டு முயற்சிகள் சாகின்றன. தாள் கைமாறினால் போதும். எண்ணோடு அலகு, தேதி, அளந்தவர் பெயர், எத்தனை முறை அளந்தார்கள் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டால் வணிகவியல் பிள்ளைகள் திருப்பி அனுப்பட்டும்; வேதியியல் பிள்ளைகள் மறுபடி அளப்பார்கள்.